நிகழாததை நிகழ்ந்ததாகப் பாடிய கவி

பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு' என்னும் பாட்டை நான் வகுப்பில் நடத்தியபோது, தேர்வில் தவறியிருந்த மாணவன் ஒருவன் வினவினான்: "ஐயா, பாரதியார் மறைந்தது 1921இல், விடுதலை வந்தது 1947இல். அதனை அடைந்துவிட்டதாக அவர் பாடியது பொய்யன்றோ?"

நல்ல வினா. கவிஞர் கண்டவை பெரும்பாலும் ஏமாற்றங்களே. 1908இல் வ. உ. சிதம்பரனார் சிறை புகுந்தார். அவருடைய கப்பற் கம்பெனியும் பின்னர் நொடித்தது. பாரதியார் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். அங்கு நடத்திய 'இந்தியா' இதழும் 1910இல் நின்றது. விடுதலை வரும் என்று எதிர்காலத்தில் பாடியிருந்தால் அது வெறும் ஆசை. அவரோ இறந்தகாலத்தில் பாடினார். நன்னூல் இதற்கு இடந்தருகிறது. ஒன்று நிகழும் என்னும் தெளிவு இருப்பின், அதனை நிகழ்ந்ததாகவே கூறலாம். எறும்பு முட்டை கொண்டு மேட்டில் ஏறக் கண்டால், இனிப் பெய்யும் மழையைப் 'பெய்தது' என்பர். இஃது உரையாசிரியர் காட்டும் சான்று. இலக்கணம் வறண்டதென்பார் இதனைக் கேட்பாராக! 1947 ஆகஸ்டில் டி. கே. பட்டம்மாள் வானொலியில் அப்பாட்டைப் பாடியபோது, காலமும் வினைமுற்றும் ஒன்றாயின.

"அப்படியானால் நானும் 'தேறினேன்' எனலாமா, ஐயா?" என்றான் அவன்.

"எனலாம், ஆனால் அவ்வெறும்பு முட்டையைச் சுமந்ததை மறவாதே" என்றேன்.

மறுவாரம் தேர்வுக் கட்டணத்துடன் என் அறை வாயிலில் வந்து நின்றான்.