பூங்காவில் களை எடுக்கிறவர்தான் வாத்தியார்

தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தாவரவியல் படித்த அலுவலர் உள்ளே அறையில் இருப்பார். வழியோரம் களை எடுக்கிற அம்மாவிடமோ, வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடமோ, வாட்ச்மேனிடமோதான் கேட்பார்கள். "ஏனுங்க, இது என்ன மரம்?" அந்த அம்மா, "எனக்குத் தெரியாதுங்க, ஆபீஸ்ல கேளுங்க" என்பார். கேட்டவர் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. மரத்தடியில் நின்று ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாதா? இருபது வருஷமாக அதே மரத்துக்குத் தண்ணீர் விடுகிறார். எந்த மாசம் இலை கொட்டும், எந்தப் புழு வரும், எந்தப் பறவை பழம் தின்ன வரும், விதை போட்டால் எத்தனை நாளில் முளைக்கும், எல்லாம் தெரியும். ஆனால் அதெல்லாம் 'தெரிந்த விஷயம்' என்ற கணக்கிலேயே வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பலகையில் எழுதியிருக்கிற லத்தீன் பெயரைப் படிக்கத் தெரிந்தவர்தான் விவரம் தெரிந்தவர் என்பது அவருடைய எண்ணம். சொல்லி எதாவது தப்பாகிவிட்டால் வேலைக்கு ஆபத்து என்ற பயம் வேறு.

பூங்கா ஊழியர்களுக்குப் பயிற்சி என்றால் இந்த எண்ணத்தையும் பயத்தையும் எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. கொங்குப் பக்கம் விவசாயம் பார்க்கிற நான், சில வருஷங்களாக ஒரு பூங்காவில் நடக்கிற இப்படியான பயிற்சிக்குத் துணையாகப் போய்வருகிறேன். நம்ம பண்ணைகளுக்கும் இப்போது பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், டவுனிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே பார்த்ததில் பாதிக்கு மேல் நமக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

பார்த்தும் பார்க்காமல்

ஊட்டி தாவரவியல் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாசம் 3 ரூபாய் போட்டு, தங்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய தோட்டம் அது. சந்தா கட்டிக் காய்கறி வாங்குகிற நம்ம நுகர்வோர் குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1848இல் வந்த மெக்ஐவர் என்பவர்தான் அதைப் பூங்காவாக வடிவமைத்தார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தருகிற சின்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பூங்காவுக்குள் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று கிடக்கிறது. இதையெல்லாம் சொல்ல ஆள் இருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. மே மாச மலர்க்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் பூவில் செய்த பொம்மையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இந்த வியாதிக்கு அமெரிக்காவில் வான்டர்சி, ஷுஸ்லர் என்ற இரண்டு கல்வியாளர்கள் 1990களின் கடைசியில் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'செடிக்குருடு' எனலாம். காட்டுப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் மான் என்பார்கள், புலி என்பார்கள். சுற்றி நிற்கிற ஆயிரம் மரம் கண்ணில் படாது. நமக்கென்ன என்று விட முடியாது. செடியைப் பார்க்கத் தெரியாதவருக்கு நாட்டுக் கத்தரியும் கடைக் கத்தரியும் ஒன்றுதான். எவ்வளவு விளக்கினாலும் விலையை மட்டும்தான் கேட்பார்.

முதல் நாள் பாடம் கிடையாது

பல இடங்களில் பயிற்சி என்றால் ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டு, திரையில் படம் போட்டு, தாவரக் குடும்பங்களைப் பட்டியல் போட்டுச் சொல்வார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் போகிற பூங்காவில் முதல் நாள் அறைக்குள்ளேயே உட்கார்வதில்லை. ஆளுக்கு ஒரு மரம் அல்லது செடி. அதன் பக்கத்தில் நின்று, 'இதுக்கு நான் என்ன வேலை செய்யறேன், இதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு அம்மா வில்வ மரத்தடியில் நின்றார். ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "எலுமிச்சையில வர்ற புழு இதுலயும் வருமுங்க. கறிவேப்பிலையிலயும் அதேதான். சின்னதுல பாத்தா குருவி எச்சமாட்டம் இருக்கும், பெருசானா பச்சையாயிரும்" என்றார். கூட இருந்த தாவரவியல் படித்த பெண் கை தட்டிவிட்டார். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை, விளா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டை போடுவது இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான். மூன்றும் சொந்தக்காரச் செடிகள் என்பதை அந்த அம்மா புழுவை வைத்தே கண்டுபிடித்து வைத்திருந்தார். அது பாடம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அதற்கப்புறம் நாங்கள் செய்தது சின்ன வேலைதான். ஐந்து செடியிலும் ஆளுக்கு ஒரு இலை பறித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னோம். இலை முழுக்க ஊசி குத்தினாற்போல் புள்ளி தெரியும். எண்ணெய்ப் பைகள் அவை. கசக்கினால் வாசம் வருவது அதிலிருந்துதான். இப்போது அந்த அம்மா வில்வத்தடியில் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுகிறார். குடும்பப் பெயரை லத்தீனில் சொல்வதில்லை. "இதெல்லாம் பங்காளிங்க" என்கிறார். போதாதா?

லத்தீன் பெயர் மேல் உள்ள பயத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். முருங்கையின் அறிவியல் பெயர் மொரிங்கா. அது நம்ம முருங்கையேதான். மாமரம் மாஞ்சிஃபெரா, உள்ளே இருப்பது மாங்காய். புங்கனை வெகுகாலம் பொங்கேமியா என்றும், வெட்டிவேரை வெட்டிவேரியா என்றும்தான் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூல் 12 பாகமாக 1678 முதல் 1693 வரை வந்தது. அதற்குச் செடி காட்டி விவரம் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் வைத்தியர். பெரிய புத்தகங்களுக்கே விவரம் நம்மூர் ஆட்களிடமிருந்துதான் போனது என்று சொன்னதும், பலகையைப் பார்த்து ஒதுங்கியவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள்.

வயநாட்டில் குருகுல தாவரவியல் சரணாலயம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த வுல்ஃப்காங் தொயர்காஃப் 1981இல் தொடங்கியது. அழிந்துகொண்டிருக்கிற மலைக்காட்டுச் செடிகளைக் காப்பாற்றி வளர்க்கிற இடம். அந்த நுணுக்கமான வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். கையால் செய்து செய்தே நிபுணர் ஆனவர்கள். இப்படி ஆட்கள் உருவாவதற்குப் பல வருஷம் ஆகும், அவசரப்பட்டால் நடக்காது.

கேள்வி கேட்கிற விதம்

"இது என்ன மரம், சொல்லுங்க பார்ப்போம்?" என்று ஆரம்பித்தால் வந்தவர் பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுவார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதிலாக நொச்சி இலையைக் கையில் கொடுத்து, "கசக்கி மோந்து பாருங்க, என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டால் எல்லாரும் பேசுவார்கள். ஆவி பிடித்தது, பாட்டி தலையணைக்குள் வைத்தது என்று கதை வரும். பிறகு பெயரைச் சொன்னால் மறக்காது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்காக 1957இல் ஃப்ரீமன் டில்டன் எழுதிய புத்தகம் இந்தத் தொழிலில் இன்றைக்கும் படிக்கப்படுகிறது. வந்தவருடைய சொந்த வாழ்க்கையோடு ஒட்டாத பேச்சு எதுவும் முளைக்காது என்பதுதான் அதன் சாரம். நம்ம ஆத்தாக்கள் திண்ணையில் செய்ததும் இதுதானே.

இன்னும் சில சின்னச் சின்னப் பழக்கங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு செடி போதும், அறுபது வேண்டாம். வெயில் நம்ம முகத்தில் விழட்டும், வந்தவர்கள் நிழலில் நிற்கட்டும். கடைசி ஆள் வந்து சேர்கிற வரைக்கும் பேச ஆரம்பிக்கக் கூடாது. கூட்டத்தில் நம்மைவிட விவரம் தெரிந்த பாட்டி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பேச விட்டு நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியில் ஒருவர் செடியைச் சொல்ல, மற்றவர்கள் குறும்புப் பிள்ளையாக, எல்லாம் தெரிந்த சாராக, கிளம்ப அவசரப்படுகிற குடும்பமாக நடிப்பார்கள். சிரிப்புக்குச் சிரிப்பு, பழக்கத்துக்குப் பழக்கம்.

விளையாட்டில்லாத இடம்

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "சுகருக்கு எந்த இலைங்க? மூட்டு வலிக்கு எதுங்க?" என்று தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள். ஊழியர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாயெடுப்பார். கூடாது. காரணம், பெயர்க் குழப்பம். சாலை நடுவிலும் புல்வெளி ஓரத்திலும் அழகுக்காகப் பரப்புகிற மஞ்சள் பூ படர்கொடி ஒன்று இருக்கிறது. அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்துப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை அப்படிப் பிரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து செங்காந்தள். நம்ம மாநிலப் பூ. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிர் செய்கிறோம். கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. இலங்கையில் இதைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. குன்றிமணியை மென்றால் உயிருக்கு ஆபத்து, அரளியும் அப்படியே. இந்தச் செடிகளைப் பூங்காவில் ஒளித்து வைக்கக் கூடாது என்பது என் கட்சி. எதிரில் நிறுத்தி, இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி ஆகிறது பாருங்கள், இதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்று காட்ட வேண்டும். தெரிந்துகொண்டவர் தப்பிப்பார். வைத்தியம் கேட்டால் மட்டும் ஒரே பதில்: "செடியை நான் காட்டறேனுங்க, மருந்தை வைத்தியர்கிட்டக் கேட்டுக்குங்க."

அதேபோல், தெரியாத கேள்வி வந்தால் "தெரியலீங்க, கேட்டு வைக்கறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. பதில் சொல்ல முடியாத கேள்வியை அதில் எழுதி வைப்பார்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, வாட்ச்மேன் எழுதுவார். சனிக்கிழமை காலையில் எல்லாரும் உட்கார்ந்து பதில் தேடுவார்கள். அடுத்த மாசப் பயிற்சிக்குப் பாடமே அந்த நோட்டுதான்.

எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பூங்காக்களில் வேலை செய்கிற பலர் தினக்கூலி, காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர் மாறினால் ஆளும் மாறிவிடும். மூன்று வருஷம் பழக்கிய கை, ஒரே நாளில் வெளியே. அவரோடு அந்த மரத்தின் இருபது வருஷக் கதையும் வெளியே போய்விடும். பலகை நிற்கும், பேசுகிற வாய் போய்விடும். விளக்கிச் சொல்கிற ஊழியருக்குத் தனிப்படி, நிலையான வேலை, இரண்டும் இல்லாமல் எத்தனை பயிற்சி வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர்தான்.

பண்ணைக்கு ஆள் வருகிற நண்பர்களே, நீங்களே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். நாற்றுப் பறிக்கிற அக்காவையும் மாடு பார்க்கிற அண்ணனையும் ஆளுக்கு இரண்டு செடி பற்றிப் பேச விடுங்கள். முதல் தடவை தயங்குவார்கள், மூன்றாவது தடவை நிறுத்த முடியாது. அன்றைய கூலியோடு இதற்கும் சேர்த்துக் கொடுங்கள். வாசலில் ஒரு நோட்டையும் கட்டித் தொங்க விடுங்கள். எங்கள் பண்ணை நோட்டில் போன வாரம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டதாக எழுதியிருந்தது: "வேப்பங்காய் கசக்குது, பழம் மட்டும் ஏன் இனிக்குது?" காக்காவும் குயிலும் வந்து தின்று விதையைக் கொண்டுபோகத்தான் என்று மாடு பார்க்கிற அண்ணன் பதில் சொல்லி எழுத வைத்திருந்தார். "அப்போ இலை ஏன் இனிக்கல?" என்று அந்தப் பையன் அடுத்து கேட்டது இன்னும் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை உட்காருவோம்.