பச்சைப் பொத்தானும் பாட்டியும்

எழுத்தறியாக் குழந்தைகளுக்குக் கணினிச் சிந்தனையைப் பழக்கவென்று தேனீ வடிவிலான ஓர் இயந்திரப் பொம்மை பல நாட்டு மழலையர் பள்ளிகளில் புழங்குகிறது. பிரிட்டனிலிருந்து வந்த இதற்குப் பீ-பாட் என்று பெயர். திரை கிடையாது. முதுகில் நான்கு அம்புப் பொத்தான்கள். நடுவே புறப்படச் சொல்லும் பச்சைப் பொத்தான். கட்டளைகளை வரிசையாக அமுக்கிவிட்டுப் பச்சையை அமுக்கினால், பொம்மை அவ்வரிசைப்படியே செல்லும். ஓர் அடிக்கு 15 சென்டிமீட்டர்.

நான்கு வயதில் கணினிப் பாடமா என்று நாமும் முகம் சுளித்தவர்களே. அன்பர் ஒருவர் இல்லத்தில் நேரில் கண்டபின் எண்ணம் மாறிற்று.

அவர் மகள், வலப்பக்கத்துக் கட்டத்திற்குப் பொம்மையை அனுப்ப விரும்பி, வல அம்பை அமுக்கினாள். அது நின்ற இடத்திலேயே திரும்பியதேயன்றி நகரவில்லை. பிறகு முன் அம்பை அமுக்கினாள். பொம்மையோ மீண்டும் ஒருமுறை வலப்புறம் திரும்பி, வேண்டாத திசையில் நடந்தது! அழிக்கும் பொத்தானை அமுக்காதவரை பழைய கட்டளை அதன் நினைவில் இருக்கும். புதியது அதன் பின்னே போய்ச் சேரும்.

“பொம்மைக்குக் கோபம்” என்றாள் சிறுமி. தந்தையார் திருத்தக் கை நீட்டினார். அன்னையார் அவரைத் தடுத்து, “என்னென்ன சொன்னே கண்ணு? வரிசையாச் சொல்லு” என்றார். விரல்விட்டு எண்ணிய குழந்தை பாதியில் நிறுத்தி, “அழிக்கவே இல்லையே!” என்று சிரித்தாள். பொம்மை சொன்னதைத்தான் செய்தது, தவறு தன் வரிசையில் என்று அவளே கண்டுகொண்டாள். பொம்மையைவிட அன்னையாரின் கேள்வியே அங்கே பெரிய ஆசான் என்று நமக்குப் பட்டது.

கருத்து புதியதன்று. சீமோர் பாப்பர்ட் முதலியோர் 1967-இல் அமெரிக்காவில் சிறுவர்க்கென லோகோ என்னும் கணினி மொழியை வகுத்தனர். அதன் கட்டளைக்குத் தரையில் ஆமை இயந்திரம் ஊர்ந்தது. 1970-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரேடியா பெர்ல்மன், படிக்கத் தெரியாத குழந்தைகளும் அவ்வாமையை ஏவும்படி பொத்தான் பெட்டியும், கட்டளை அட்டைகளைச் செருகும் பெட்டியும் அமைத்தார். பின்னாளில் கணினி வலையமைப்புத் துறையில் பெரும்புகழ் பெற்றவரும் இவரே.

விலை கொடுத்து வாங்க இயலாதோர் வருந்த வேண்டா. கல் பதித்த தரையில் ஒருவர் பொம்மையாக நின்றால் போதும். பள்ளியில் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்றே கேட்டுப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இடம், வலம், முன், பின் என்னும் சொற்களும் இவ்விளையாட்டில் நாவில் ஏறும். எதிர்முகமாக நிற்பவருடைய வலம் குழந்தைக்கு இடமாகத் தோன்றும். அங்கேதான் தடுமாற்றம் மிகுதி. பொம்மையாக நிற்க இசையும் பாட்டிமார், சுவரில் முட்டுமளவும் வாய் திறவாமல் நடக்கச் சித்தமாயிருத்தல் வேண்டும்.