தேடுபொறிக்கு உரைகல்லாகும் வாசகர் ஆட்சேபம்

நூலக விஞ்ஞான மேதை டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலம் வீணாகலாகாது என்பதாகும். அவரது முயற்சியால் 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் தோன்றியது. 2004-இல் கூகிள் நிறுவனமும் இந்தியாவில் தனது முதல் ஆராய்ச்சி நிலையத்தை இந்நகரிலேயே அமைத்தது. நூல்களின் இடத்தில் இணையப் பக்கங்கள் வந்தபோதிலும், வேண்டாதவற்றை விலக்கி வேண்டியதை விரைவில் அளிப்பது எங்ஙனம் என்னும் பிரச்சினை மாறவில்லை.

களை மிகுந்த வயல்

தேடுபொறியானது இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து அட்டவணைப்படுத்தி, வினா எழும்போது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. பக்கத்திலுள்ள சொற்கள், பிற தளங்கள் அதற்கு அளிக்கும் இணைப்புகள் முதலிய பல அறிகுறிகளைக் கொண்டு இவ்வரிசை தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் அறிகுறிகளைப் போலியாகவும் உண்டாக்க இயலும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மக்கள் அடிக்கடி தேடும் சொற்களைத் திரட்டி, சாரமற்ற கட்டுரைகளை ஏராளமாக உற்பத்தி செய்து, விளம்பர வருவாய் ஈட்டும் தளங்கள் பெருகின. பயிர் நோய்க்குப் பரிகாரம் தேடுவோரும் பாடக்குறிப்புத் தேடுவோரும் பதரினின்று நெல்லைப் பிரிக்க வேண்டியவராயினர்.

2011-ஆம் ஆண்டின் சோதனை

அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று, வேண்டாத தளங்களைத் தம் தேடல் முடிவுகளினின்று நீக்கிக்கொள்ளும் கருவியொன்றை கூகிள் தனது குரோம் உலாவிக்கென வெளியிட்டது. எவ்வெத்தளங்கள் நீக்கப்பட்டன என்னும் தகவலும் அந்நிறுவனத்தைச் சென்றடைந்தது. பத்து நாட்களுக்குப் பின் 'பாண்டா' எனப் பெயர் பெற்ற புதிய தரமுறை அமலுக்கு வந்தது. அமெரிக்கத் தேடல்களுள் 11.8 சதவீதம் இதனால் மாறுதலடைந்தன.

பாண்டா உருவானபோது வாசகர் நீக்கிய தளங்களின் பட்டியல் பயன்படுத்தப்படவில்லை. வெளியார் சிலரிடம் தளங்களைக் காட்டி, 'இத்தளம் கூறும் மருந்தை உம் குழந்தைக்குக் கொடுப்பீரா?' என்பது போன்ற வினாக்களைக் கேட்டு, அவ்விடைகளைக் கொண்டே முறை வகுக்கப்பட்டது. பின்னர் அதனை வாசகர் பட்டியலுடன் ஒப்பிட்டபோது, மிகுதியாக நீக்கப்பட்டிருந்த சில டஜன் தளங்களுள் 84 சதவீதத்தைப் புதிய முறையும் தாழ்த்தியிருந்தது தெரியவந்தது. பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவதுபோல, வாசகரின் ஆட்சேபம் கணித முறையின் தரத்தைக் காட்டிற்று.

நேரடி வாக்கு ஆகாதது ஏன்?

ஆட்சேபங்களை எண்ணி அப்படியே தளங்களைத் தாழ்த்தினால், போட்டியாளர் ஆட்களைத் திரட்டி நல்ல தளத்தையும் வீழ்த்திவிடுவர். ஆகவே 2011 ஏப்ரலில் வாசகர் பட்டியலை வரிசைப்படுத்தலில் சேர்த்தபோதும், ஐயத்திற்கு இடமற்ற சில சந்தர்ப்பங்களில் மட்டுமே அது கணக்கில் கொள்ளப்பட்டது. அந்நீக்கும் வசதி பிற்காலத்தில் கைவிடப்பட்டது. எனினும் தேடல் பக்கத்திலேயே கருத்துத் தெரிவிக்கவும், ஏமாற்றுத் தளங்களைப் பற்றிப் புகார் அனுப்பவும் இன்றும் வழியுண்டு.

செய்யத்தக்கன

புகார் அனுப்புவோர் தேடிய சொல், பக்கத்தின் முகவரி, கண்ட குறை ஆகிய மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடுதல் நலம். அத்தளம் உடனே மறையும் என எதிர்பார்த்தலாகாது. இத்தகைய புகார்கள் ஏமாற்றைக் கண்டறியும் முறைகளைத் திருத்தவே பெரிதும் உதவுகின்றன. போலித் தளத்தால் பணம் இழக்க நேரின், தேடுபொறிக்கு எழுதுவதற்கு முன் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். முதலிடத்தில் நிற்பதனாலேயே ஒரு பக்கம் மெய்யாகிவிடாது என்பதை மாணவர்க்கும் விவசாயிகட்கும் உணர்த்துவது ஆசிரியரும் களப்பணியாளரும் ஆற்றக்கூடிய சிறந்த தொண்டாகும்.