மூடிய அறையில் மூளும் விஷவாயு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காரைக்கால் கடற்கரையில் மழையும் காற்றும் மிகும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், டெல்டா கிராமங்கள் பல நாட்கணக்கில் இருளில் இருந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாட்களில், கோவில்பத்திலும் சுற்றுப்புறங்களிலும், கதவைச் சாத்திய வீட்டுக்குள் நெருப்புச்சட்டி வைக்கவோ, ஜெனரேட்டர் ஓட்டவோ எண்ணுவோர் ஓர் அபாயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

கரி, விறகு, டீசல், எரிவாயு எதுவாயினும், போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. சமையல் எரிவாயுவில் நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதால், அது கசிந்தால் மூக்கு அறியும். இவ்வாயுவுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பற்றிக்கொள்கிறது. ஆகவே, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயுவின்றித் தவிக்கிறது. புகை அடங்கிக் கனலும் கரி தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. அதிலிருந்தும் இவ்வாயு ஏராளமாக வெளிப்படும்.

2020 ஜனவரியில் நேபாளத்துத் தாமன் என்னும் மலையூரில், மூடிய விடுதியறையில் எரிவாயுக் கணப்பு வைத்து உறங்கிய கேரளத்தினர் 8 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற வண்டிக்குள் உறங்கிய இருவர், ஜெனரேட்டரின் வாயு உட்புகுந்ததால் உயிரிழந்தனர்.

ஆகவே, பாவு உலரவில்லையென்று தறியறையை மூடிக் கரியடுப்பு வைக்கலாகாது. பிரசவித்த தாயும் சிசுவும் உறங்கும் அறையில் கணப்புச்சட்டி கூடவே கூடாது. ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கொட்டகையிலோ வைக்காமல், வீட்டுக்கு 20 அடிக்குக் குறையாத தூரத்தில், புகைக்குழாய் சன்னலை நோக்காதவாறு திறந்த வெளியில் வைத்தல் வேண்டும். பயிர்த்தொழில் புரிவோர் எண்ணெய் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் பேராபத்து.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒருங்கே இவை தோன்றி, வெளியே வந்ததும் தணியுமாயின், இவ்வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். உடனே கதவு சன்னல்களைத் திறந்து, யாவரையும் வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108-ஐ அழைக்க வேண்டும். சற்றுத் தேறினாலும் மருத்துவமனைக்குச் செல்லாதிருக்கலாகாது. பிராணவாயு அளிப்பதே இதற்குரிய சிகிச்சை.

நனைந்த பாவு இரண்டு நாள் தாமதித்தேனும் உலர்ந்துவிடும். அதற்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.