கிரிவலக் கால்வலியா, எலும்புப் புற்றுநோயா? மருந்து எலும்புக்குப் போய்ச் சேர்வது ஏன் கஷ்டம்?

14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த மறுநாள் முட்டி வலிக்காதவர் திருவண்ணாமலையில் யாருங்க? ரெண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் பத்து முதல் இருபது வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரே காலில், வாரக்கணக்கில், ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலியும் வீக்கமும் இருந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீங்க. உடனே எக்ஸ்ரே எடுங்க. அந்த வயதில் அதிகம் வரும் எலும்புப் புற்றுநோய் 'ஆஸ்டியோசர்கோமா'. பெரும்பாலும் முட்டியை ஒட்டித்தான் வரும்.

கீமோதெரபி வருவதற்கு முன், காலையே எடுத்தாலும் பத்தில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் நுரையீரலுக்குப் போயிருக்கும். இப்போது, பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் பத்தில் ஆறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

டிரிப்ஸில் ஏற்றும் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றும். டாக்சோரூபிசின் இதயத்தைப் பதம் பார்க்கும்; சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும். அதனால் ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. மெத்தோட்ரெக்சேட்டை அதிக டோஸில் கொடுத்தால், ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்து மாற்று மருந்து தர வேண்டும். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிற காரியமா? அதனால்தான் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, மெத்தோட்ரெக்சேட் இல்லாத 'ஓஜிஎஸ்-12' முறையை உருவாக்கியது.

இன்னொரு வழி, மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்புவது. இதுதான் லிப்போசோம். இந்த வகை டாக்சோரூபிசினுக்கு அமெரிக்கா 1995லேயே அனுமதி தந்தது, ஆனால் வேறு நோய்களுக்கு. எலும்புப் புற்றுநோய்க்கென லிப்போசோமில் வந்த 'மிஃபாமுர்டைடு', நோய் எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்பும். 2009இல் ஐரோப்பா அனுமதித்தது, அமெரிக்கா அனுமதிக்கவில்லை.

எலும்பைத் தேடிப் போகும் மருந்து

எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டது இதுதான். சமேரியம்-153 என்ற கதிர்வீச்சுப் பொருளை, எலும்பில் ஒட்டும் மூலக்கூறோடு சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள். புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் வலியைக் குறைக்கத்தான் இது முக்கியமாகப் பயன்படுகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலையில் தயாராகிறது. சுமார் 46 மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும் என்பதால் ஸ்டாக் வைக்க முடியாது. நோயாளிக்கு நாள் குறித்த பிறகுதான் மருந்தே கிளம்பும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் இரண்டுமே பஸ்ஸில் போய்வரும் தூரம். சந்தேகம் வந்தால் உருவிவிடுவது, கட்டுப் போடுவது வேண்டாம். பயாப்ஸியையும் ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே எடுக்கச் சொல்லுங்க. ஊசி தவறான இடத்தில் இறங்கினால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க வேண்டி வரலாம்.