மின்தடையும் மின்திறனும்: ஒரு கணக்கும் அதன் பயனும்

மின்சாரம் நம் புலன்களுக்கு நேரே அகப்படுவதன்று. ஒரு கம்பியைக் கண்ணால் நோக்கி, அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் செல்கின்றது என்று எவராலும் கூற இயலாது. அதனை அறிய நமக்கு வாய்த்த வழி அளத்தலும் கணக்கிடலுமே. மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய இரண்டையும் கருவிகொண்டு அளந்துவிட்டால், மின்தடை, மின்திறன் ஆகிய மற்ற இரண்டையும் கணக்கினால் பெற்றுவிடலாம். பள்ளியில் படித்துப் பலரும் மறந்துபோன இக்கணக்கு, இல்லங்களில் மின்சாரத்தால் தீ மூளும் காரணங்களுள் முக்கியமான ஒன்றை விளக்க வல்லது என்பதை இங்குக் காண்போம்.

மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள உறவை வகுத்துரைத்தவர் ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம். 1789ஆம் ஆண்டு எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்து வந்தார். அக்கால மின்கலங்களின் வலிமை, ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே குன்றிவிடும். எனவே ஓம் வேறொரு வழியை நாடினார். இருவேறு உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், வெப்பநிலை வேறுபாட்டினால் மாறாத மின்னழுத்தம் ஒன்று தோன்றும். அதனைக்கொண்டு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, காந்த ஊசியின் அசைவால் அதனை அளந்தார்.

அவருடைய முடிவுகள் 1827இல் பெர்லினில் நூலாக வெளிவந்தன. தாயகத்தில் அந்நூலுக்குத் தொடக்கத்தில் உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல்தான் அவருக்குக் கிட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

ஓம் கண்ட உறவு எளிமையானது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க வாட். இதனோடு, 1841இல் ஆங்கிலேய அறிஞர் ஜூல் வெளியிட்ட விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடையில் ஒவ்வொரு நொடியும் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை அத்தடையால் பெருக்கி வரும் அளவினது என்பதே அவ்விதி. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

இனி, குளியலறையில் வெந்நீர் தரும் கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 2000 வாட் என்று அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. 2000ஐ 230ஆல் வகுத்தால், அது ஏற்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால், அதன் தடை ஏறத்தாழ 26.4 ஓம். மாலை நேரத்தில் மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால், அதே தடையில் மின்னோட்டம் 7.6 ஆம்பியராகவும் மின்திறன் ஏறத்தாழ 1500 வாட்டாகவும் இறங்கிவிடும். அழுத்தம் 13 விழுக்காடே குறைந்திருக்கத் திறன் 24 விழுக்காடு குறைவதேன்? அழுத்தத்தோடு ஓட்டமும் குறைவதால் இழப்பு இரு வழியாலும் நேர்கின்றது. நீர் சூடாகத் தாமதமாவதற்குக் கருவியைக் குறைகூறுவோர் இதனைக் கருதவேண்டும்.

இக்கீசரின் பிளக், சாக்கெட்டில் தளர்ந்திருப்பதாகக் கொள்வோம். தளர்ந்த அவ்விடத்தில் அரை ஓம் தடை தோன்றியிருக்கின்றது. 26.4 ஓமுக்கு முன் அரை ஓம் மிகச் சிறிதே. மொத்தத் தடை 26.9 ஓமாக, மின்னோட்டம் 8.5 ஆம்பியராகிறது. வெந்நீரில் வேறுபாடு எதுவும் புலப்படாது. ஆனால் 8.5இன் வர்க்கத்தை அரையால் பெருக்கிப் பார்த்தால், பிளக்கின் முனையில் 36 வாட் வெப்பம் ஓயாது தோன்றுவதை அறிவோம். வானொலி பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்குவதற்கு 25 வாட் சாலிடரிங் அயர்னே போதுமானது. அதனினும் மிகுந்த வெப்பம், பிளாஸ்டிக்கால் சூழப்பட்ட ஒரு சிறு முனையில் தேங்குகின்றது. உலோகம் கருகக் கருகத் தடை மேலும் வளர்கின்றது. வெப்பமும் அதனோடு வளர்கின்றது.

இதில் கவனிக்கத்தக்க உண்மை மற்றொன்றும் உண்டு. ஃபியூஸ் காவலிருக்கின்றது என்று நாம் நம்பியிருக்கின்றோம். ஃபியூஸோ, தானே துண்டிக்கும் சுவிட்சோ அறிவது மின்னோட்டத்தின் மிகுதியை மட்டுமே. தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தை மிகுவிப்பதில்லை, 8.7 ஆம்பியரை 8.5ஆகச் சற்றே குறைக்கின்றது. ஆதலால் காவலனின் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். பிளக் சுடுவதையும், சாக்கெட் பழுப்பதையும், கருகல் வாடையையும் கண்டறியும் பொறுப்பு நம்முடையதே.

இக்கணக்கிற்கு எல்லைகளும் உண்டு. 230 வோல்ட்டில் 60 வாட் தரும் பழைய இழைவிளக்கு எரியும்போது, அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்தபின் அளந்தால் அதில் பத்திலொரு பங்கோ அதனினும் குறைவோதான் இருக்கும். அதனால் சுவிட்சைப் போடும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கின்றது. அவ்விளக்குகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே இழை அறுபட்டதற்கு இதுவே காரணம். மோட்டார் போன்ற கருவிகளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வந்துவிடாது. திறன் காரணி என்னும் ஒன்றுக்கும் குறைந்த எண்ணாலும் பெருக்கவேண்டும். தடையைக் கருவியால் நேரே அளப்பதாயின், மின்இணைப்பை முற்றும் துண்டித்த பின்னரே அளத்தல் வேண்டும்.

ஆகவே, ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்குமுன், அவற்றின் வாட்களைக் கூட்டி 230ஆல் வகுத்துப் பார்த்தல் நன்று. வரும் ஆம்பியர், பலகையில் பொறிக்கப்பட்ட அளவை மிஞ்சுமாயின் அதனைத் தவிர்க்கவேண்டும். மிஞ்சாவிடினும், அரைமணி நேரம் இயங்கிய பின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அது சுடுமாயின், அதனை மாற்றும்வரை அக்கருவியைப் பயன்படுத்தலாகாது.