பேங்க் பி.ஓ. எக்ஸாமுக்காக வேலையை விடலாமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

"பேங்க் பி.ஓ. எக்ஸாமுக்கு ஃபுல் டைமா படிக்கணும், வேலையை விட்டுடலாமா?" இந்த யோசனை உங்களுக்கும் இருக்கா? ராஜினாமா லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

வேலையை விட்டா என்ன செலவு?

சம்பளம் மாசம் 30,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு வருஷத்துக்கு 3,60,000. பி.எஃப்.ல கம்பெனி போடுற பங்கு மாசம் 1,800 ரூபாய்னா, அதுல 21,600. ஆக மொத்தம் 3,81,600 ரூபாய். கோச்சிங் ஃபீஸ், பைக் இ.எம்.ஐ. எல்லாம் தனி. சர்வீஸ்ல 4 வருஷம் முடிச்சவங்களுக்கு, 5 வருஷம் முடிஞ்சா கிடைக்கிற கிராஜுவிட்டியும் கைநழுவிப் போகும்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கு? 12-வது இருதரப்பு ஒப்பந்தப்படி, பொதுத்துறை வங்கி அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். டி.ஏ., எச்.ஆர்.ஏ. அதுக்கு மேல. நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனா செலவு உறுதி, செலக்‌ஷன் உறுதி இல்லை.

எக்ஸாம் என்ன கேட்குது?

ஐ.பி.பி.எஸ். பி.ஓ. பிரிலிம்ஸ்ல 100 கேள்வி, 60 நிமிஷம். ஒவ்வொரு பிரிவுக்கும் 20 நிமிஷம்தான். கணக்குப் பிரிவுல 35 கேள்வி. அதாவது ஒரு கேள்விக்கு 34 வினாடி! இந்த வேகம் ஒரே நாள்ல 10 மணி நேரம் உட்கார்ந்தா வராது. தினமும் விடாம கொஞ்ச நேரம் பழகினா வரும். அதுக்கு வேலையை விட வேண்டியதில்லை.

* காலைல ஒரு மணி நேரம்: டைமர் வச்சு கணக்கு, ரீசனிங்.
* ஆபீஸ் போற வழியில: இங்கிலீஷ் பேப்பர்ல தலையங்கம், வங்கிச் செய்திகள். மெயின்ஸுக்கும் இது உதவும்.
* ஞாயிற்றுக்கிழமை: ஒரு மாக் டெஸ்ட். எழுதின நேரத்தைவிட, தப்பு எங்கேன்னு பார்க்க அதிக நேரம் ஒதுக்குங்க.

குருட்டாம்போக்குல டிக் பண்ணாதீங்க

ஒரு கேள்விக்கு 5 விடைகள் கொடுப்பாங்க. தப்பான விடைக்குக் கால் பங்கு மார்க் கழியும். தெரியாத 5 கேள்விக்குக் கண்ணை மூடிட்டு டிக் பண்ணா, சராசரியா 1 சரி, 4 தப்பு. கூட்டிக் கழிச்சா பூஜ்யம், நேரமும் வேஸ்ட். ரெண்டு விடைகளை உறுதியா ஒதுக்க முடிஞ்சா மட்டும் துணிஞ்சு டிக் பண்ணுங்க.

லீவை எப்போ எடுக்கணும்?

பிரிலிம்ஸ் மார்க் அடுத்த கட்டத்துக்குப் போக மட்டும்தான். இறுதிப் பட்டியலுக்கு மெயின்ஸும் இன்டர்வியூவும்தான், 80:20 விகிதத்துல. அதனால சேர்த்து வச்ச லீவை மெயின்ஸுக்கு முன்னாடி எடுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். வெளி மாநிலத்துல போஸ்டிங் வரலாம், வீட்ல இப்பவே பேசிடுங்க. வங்கியில சேரும்போது இப்போதைய கம்பெனியோட ரிலீவிங் லெட்டர் கேட்பாங்க, உங்க நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு பார்த்து வச்சுக்குங்க.

ராஜினாமா லெட்டர் எங்கேயும் ஓடிப் போகாது. வங்கியோட ஆர்டர் கைக்கு வந்த அன்னிக்கு எழுதினா போதும். அதுவரைக்கும் 1-ஆம் தேதி சம்பளம் வந்துட்டே இருக்கட்டும்!